ஆர்தர் லூஸ்: கையில் விழுந்த துளியும் கண்ணில் படாத நத்தையும்

முதல் உலகப் போர் முடிந்து எகிப்திலிருந்தும் மெசபடோமியாவிலிருந்தும் இந்தியப் படையினர் ஊர் திரும்பியபோது மருத்துவத் துறையினரிடையே ஓர் அச்சம் நிலவியது. மதராஸ் சாப்பர் படைப்பிரிவினர் உட்படப் பல்லாயிரவர் பணியாற்றிய அந்நிலங்களில் பில்ஹார்சியா நோய் வேரூன்றியிருந்தது. சிறுநீரில் இரத்தம் போகும் அந்நோய் இங்கும் பரவுமா என்பதே வினா. இதற்கான விடை, ஒரு ஜெர்மானிய ஒட்டுண்ணியியலாளர் சொன்னது சரியா தவறா என்பதைப் பொறுத்திருந்தது. அவர் ஆர்தர் லூஸ்.

1861இல் கெம்னிட்ஸ் நகரில் பிறந்த லூஸ், லைப்சிக்கில் ருடால்ஃப் லாய்கார்ட்டிடம் பயின்றவர். ஆட்டின் கல்லீரல் தட்டைப்புழு நத்தையின் உடலில் ஒரு பருவத்தைக் கழித்தே மீண்டும் ஆட்டை அடைகிறது என்று 1880களின் தொடக்கத்தில் நிறுவிய இருவருள் லாய்கார்ட் ஒருவர். 1893இல் லூஸ் எகிப்து சென்றதும் பில்ஹார்சியாப் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைத் தேடியே. ஆசிரியரின் வழியில் நத்தைகளைத்தான் முதலில் ஆராய்ந்தார். எதிர்பார்த்தது கிட்டவில்லை.

அவருக்குப் புகழ் தேடித் தந்ததோ வேறொரு புழு. கெய்ரோவில் ஆய்வு விலங்குகளுக்குக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களை வாய்வழி புகட்டிக்கொண்டிருந்தபோது ஒரு துளி அவர் கையில் விழுந்தது. அவ்விடம் எரிந்து சிவந்தது. துளியை மீண்டும் ஆராய்ந்தால் புழுக்களைக் காணோம். சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. இளம்புழு தோலைத் துளைத்து உட்புகுகிறது என்று 1898இல் அறிவித்தார், பலர் நம்பவில்லை. எனவே, வெட்டி அகற்றப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில் அறுவைக்குச் சற்று முன்னர் இளம்புழுக்களை இட்டு, பின்னர் அத்தோலின் சீவல்களில் அவற்றைக் காட்டினார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு இசையாது. வியப்புக்குரிய ஆய்வாகவே பாடநூல்கள் இதைச் சொல்லிச் செல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இக்கண்டுபிடிப்பு தமிழரின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. வெறுங்காலோடு ஈரமண்ணில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் சோகையை ‘சோம்பல்’ என்று பழித்த காலம் அது. புழு நுழைந்தது உணவின் வழி மட்டுமன்று, பாதத்தின் வழியும்தான் என்றானதும் பழி மாறியிருக்க வேண்டும்: குற்றம் தொழிலாளரின் பழக்கத்தில் இல்லை, கழிப்பிடமே கட்டித்தராத குடியிருப்பில் இருந்தது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் கொக்கிப்புழு விசாரணையில் மருத்துவர் மஸ்கரும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் இயேசு சபைத் துறவி காயஸும் புழுநீக்க மருந்துகளின் வேதியியலை ஆராய்ந்தனர். மருந்து கொடுப்பது எளிது. கழிப்பிடம் இல்லாத இடத்திலோ அதே மண்ணிலிருந்து அதே பாதத்துக்குப் புழு திரும்பி வந்தது.

இனி அவருடைய பிழைக்கு வருவோம். பில்ஹார்சியாப் புழுவின் முட்டையிலிருந்து நீரில் வெளிவரும் மிராசிடியம் எனும் நுண்ணுயிரியும் கொக்கிப்புழுவைப் போலவே நேராக மனிதத் தோலைத் துளைத்து, கல்லீரலில் வளர்ச்சியடைகிறது என்று லூஸ் வாதிட்டார். வயிற்று அமிலத்தில் அது பிழைக்காது. நத்தைகளிலும் எதுவும் அகப்படவில்லை. ஆகவே எஞ்சிய வழி தோல்தான். ஏரணத்தில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் தேடிக் கிடைக்காததை இல்லாதது என்று கொண்டுவிட்டார். கையில் விழுந்த அந்தத் துளிதான் இங்கே அவர் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து.

1913இல் ஜப்பானில் மியாய்ரியும் சுசுகியும் அங்குள்ள இனத்துக்கு நத்தையே இடைநிலை ஓம்புயிர் என்று காட்டினர். போர் மூண்டதும் லூஸ் எகிப்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1915இல் கெய்ரோ வந்த பிரித்தானியர் லைப்பர், லூஸ் ஆண்டுக்கணக்கில் தேடிய அதே நாட்டின் நன்னீர் நத்தைகளில் அப்பருவத்தைக் கண்டார். தோல் வழி நுழைவு உண்மைதான். நுழைவது மட்டும் முட்டையிலிருந்து வந்த உயிரி அன்று, நத்தையிலிருந்து வெளிவரும் செர்காரியா.

இந்தியாவுக்கு இதன் பொருள் பெரிது. லூஸ் சரியென்றால் ஊர் திரும்பிய ஒவ்வொரு நோயாளியும் தன் ஊர்க் குளத்துக்கு நேரடி ஆபத்து. லைப்பர் சரியென்றால் உரிய நத்தை இல்லாத குளத்தில் முட்டைகள் வீணே அழியும். இந்திய நத்தைகளின் செர்காரியாக்களைச் சீமோர் சீவெல் விரிவாக ஆராய்ந்து 1922இல் வெளியிட்டார். அஞ்சிய பெரும் பரவல் நிகழவேயில்லை.

லூஸ் 1923இல் கீஸனில் காலமானார். 1952இல் காட்கிலும் ஷாவும் அன்றைய பம்பாய் மாநிலத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், கிம்வி என்னும் சிற்றூரில், சிறுநீர்வழி பில்ஹார்சியா உள்ளூரிலேயே தொற்றுவதைக் கண்டறிந்தனர். அவர்கள் சுட்டிய ஓம்புயிர் ஃபெரிசியா டெனுயிஸ்: சுருளற்ற, தொப்பி போன்ற ஓடுடைய, சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒரு நன்னீர் நத்தை.