எரியாது மிஞ்சிய ஏழாம் பங்கு

புனே நகரிலிருந்து அகமதுநகர் வழியாக வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் கோதாவரிக் கரையில் பைதான் என்னும் ஊர் வரும். நம் இல்லத்துப் பெண்டிர் அவ்வூரைப் பைதானிப் புடவையால் அறிவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது பிரதிட்டானம் என்னும் பெயரோடு சாதவாகன மன்னர்களின் தலைநகராய் விளங்கிற்று. சிலப்பதிகாரம் சேரன் செங்குட்டுவனின் நண்பராகக் குறிக்கும் நூற்றுவர் கன்னர் இம்மரபினரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர்தம் வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழோ தமிழை ஒட்டிய மொழியோ பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, பிழைப்பு நாடி இம்மண்ணுக்கு வந்த நாம் முற்றிலும் அயலார் அல்லேம் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. எனினும் ஈண்டு நான் எடுத்துக்கொண்டது காசைப் பற்றியதன்று. அந்நகரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதைநூலைப் பற்றியது.

சாதவாகன மன்னனின் அவையில் குணாட்டியர் என்றொரு புலவர் இருந்தார். மன்னனுக்கு வடமொழி இலக்கணம் கற்பிக்க ஆறு ஆண்டுகள் வேண்டும் என்றார் அவர். ஆறே திங்களில் கற்பிப்பேன் என்றார் சர்வவர்மர் என்னும் மற்றொரு புலவர். அது நடந்தால் வடமொழி, பிராகிருதம், நாட்டு மொழி ஆகிய மூன்றையும் துறப்பேன் என்று சூளுரைத்தார் குணாட்டியர், தோற்றார், மூன்றையும் துறந்து விந்தியக் காட்டினுள் புகுந்தார். அங்கே காணபூதி என்னும் பிசாசிடம் பைசாச மொழியைக் கற்று, அதன் வாயால் கேட்ட கதைகளை ஏழாண்டுகள் இருந்து ஏழு இலக்கம் சுலோகங்களாக எழுதினார். காட்டில் மை ஏது? தம் குருதியைத் தொட்டே எழுதினாராம். எழுதியதை மாணவர் இருவர் அரண்மனைக்குக் கொண்டு சென்றனர். பேயின் மொழி, இரத்தத்தில் எழுத்து என்று மன்னன் அருவருத்து ஒதுக்கிவிட்டான்.

மனம் உடைந்த புலவர் தீ வளர்த்தார். ஒவ்வோர் ஏடாகக் காட்டு விலங்குகளுக்குப் படித்துக் காட்டி, படித்ததைத் தீயில் இட்டார். மானும் பன்றியும் எருமையும் மேய்ச்சலை மறந்து, கண்ணீர் வடியச் சுற்றி நின்று கேட்டன. அரண்மனை மடைப்பள்ளிக்கு வந்த இறைச்சி வற்றிப்போய் மன்னன் நோயுற்றதும், காரணம் தேடி அவன் காட்டுக்கு ஓடி வந்ததும் பின்கதை. அவன் வந்து சேர்ந்தபோது ஆறு இலக்கம் சாம்பலாகிவிட்டிருந்தது. மிஞ்சியது ஓர் இலக்கம்.

அந்த ஓர் இலக்கம் எவ்வாறு மிஞ்சியது? மன்னனின் கைக்குத் தப்பியதன்று. நரவாணதத்தன் என்னும் இளவரசனின் கதை அடங்கிய அப்பகுதியைக் குணாட்டியர் முன்பே எடுத்து வைத்துவிட்டார். தம் மாணவர் இருவருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது என்பதே காரணம். இது வரலாறு அன்று, கதையே. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் அரசி சூரியவதியின் பொழுதுபோக்குக்காக எழுதிய கதாசரித்சாகரத்தின் தொடக்கத்தில் இது வருகிறது. குணாட்டியரின் மூலநூலாகிய பிருகத்கதை இன்று எங்கும் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் வழிநூலைச் செய்தவர் இந்த ஒரு செய்தியை மறவாமல் குறித்து வைத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இளைஞர் இருவருக்கு அத்துணைப் பிடித்த அக்கதை யாது? வத்தவநாட்டு மன்னன் உதயணனின் மகன் நரவாணதத்தன் மதனமஞ்சிகை என்னும் பெண்ணை மணக்கிறான். வான்வழிச் செல்லும் விஞ்சையருள் ஒருவனான மானசவேகன் அவளைக் கவர்ந்து செல்கிறான். இழந்தவளைத் தேடி அலையும் இளவரசனிடம் மதனமஞ்சிகையின் உருவத்தோடே ஒருத்தி வருகிறாள். அவள் கவர்ந்தவனின் தங்கை வேகவதி. அவன்மேல் காதல் கொண்டு மாற்றுருவில் வந்தவள். மனிதன் விஞ்சையரின் உலகேறி, விஞ்சை மகளிரை மணந்து, முடிவில் அவ்வுலகுக்கே பேரரசன் ஆகிறான். மானிடமும் மானிடம் அல்லாததும் ஒன்றையொன்று காதலித்தால் என்ன ஆகும் என்னும் வினாவே கதை நெடுக ஓடுகிறது.

கங்க மன்னன் துர்விநீதன் பிருகத்கதையை வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேடு கூறும். கொங்குவேளிரின் பெருங்கதை அதைத் தழுவியது எனக் கருதுவோர் உண்டு. எவ்வாறாயினும், கோதாவரிக் கரையின் கதை கொங்குநாட்டுத் தமிழாயிற்று. சிதைந்த ஏட்டிலிருந்து உ.வே. சாமிநாதையர் 1924-இல் அதைப் பதிப்பித்தார். முதலும் இல்லை, முடிவும் இல்லை. நரவாண காண்டத்தில் மதனமஞ்சிகை பிரிவு என்னும் பகுதியோடு ஏடு அறுந்து நிற்கிறது. காதலி மறைந்துவிட்டாள், இனித்தான் விஞ்சையர் உலகக் கதை தொடங்க வேண்டும், அவ்விடத்தில் தமிழ் நின்றுவிட்டது! மேலே நடந்ததை அறிய நாம் காசுமீரத்துக்கும் நேபாளத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. சோமதேவரின் நூலை 1889-இல் அழகாக அச்சிட்டுத் தந்தது பம்பாய் நிர்ணயசாகர் அச்சகம்.

இவற்றையெல்லாம் நான் திரும்ப எடுத்துப் படிக்க நேர்ந்தது ஒரு சிறுமியால். எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஒருநாள் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி பாடநூலின் அடியில் ஆங்கில நாவல் ஒன்றை ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு அட்டை, அதில் இரு கைகள் ஏந்திய ஒரு சிவப்பு ஆப்பிள். "வகுப்பில் பேய்க்கதையா?" என்று கடிந்து அதைப் பிடுங்கி வைத்தேன். "பேய்க்கதை இல்லை தாத்தா, லவ் ஸ்டோரி" என்றாள் அவள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவள் அழவில்லை, அடுத்த இரண்டு ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. பெற்றோர் என்னிடம் வந்து, "தாங்கள் செய்ததுதான் சரி, இந்தக் குப்பையைத்தான் இராப்பகலாகப் படிக்கிறாள்" என்றனர். அவர்கள் பாராட்டியதுதான் எனக்கு உறுத்தியது. புத்தகம் என் மேசைமேல் கிடந்தது. படித்துப் பார்த்தேன்.

ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதி 2005-இல் வெளிவந்த ட்வைலைட் அது. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூர். பதினேழு வயதுப் பெல்லா. அவளுடைய வகுப்புத் தோழன் எட்வர்டு 1901-இல் பிறந்தவன். 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில் இறக்குந் தறுவாயில் இரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டுப் பதினேழு வயதிலேயே நின்றுவிட்டவன். மனித இரத்தம் குடிப்பதில்லை என்று நோன்பு பூண்ட குடும்பம் அவனுடையது. அவளை நெருங்கினால் அந்நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். நடை எளியது, நீளம் மிகுதி. காதலனின் அழகை ஐம்பது இடங்களில் சொல்லாமல் ஐந்து இடங்களில் சொல்லியிருக்கலாம். ஆயினும் இரண்டிரவில் படித்து முடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேனாட்டில் இவ்வகை நூல்களுக்கு இருநூறாண்டு வரலாறு உண்டு. பொலிடோரி எழுதி 1819-இல் வெளிவந்த கதையில் இரத்தக் காட்டேரி ஒரு பிரபு. லெஃபானுவின் கார்மில்லா 1872-இலும் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897-இலும் வந்தன. இவற்றில் காட்டேரி அஞ்சத்தக்கது, அழிக்கப்பட வேண்டியது. அதையே காதலனாக்கி, இளம் பெண்ணின் கண்வழியே காட்டும் நூல்கள் 1990-ஐ ஒட்டிப் பெருகின. ட்வைலைட்டுக்குப் பின் அது பெருவெள்ளமாயிற்று.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. டிராகுலாவுக்கு 27 ஆண்டுகள் முன்பு, 1870-இல், ரிச்சர்டு பர்ட்டன் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். பம்பாய்ப் படையில் பணியாற்றியவர் அவர். வேதாளத்துக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர் 'வாம்பயர்' என்பதே. முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு காதல் வழக்குகளுக்குத் தீர்ப்புக் கேட்கும் நம் வேதாளம் அவ்வாறு கப்பலேறிற்று. அவ்வேதாளத்தைத் தோளில் சுமந்த மன்னன் சோமதேவரின் நூலில் உச்சயினியைச் சேர்ந்தவன் அல்லன். கோதாவரிக் கரைப் பிரதிட்டானத்தின் திரிவிக்கிரமசேனன். மீண்டும் பைதான்! 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா மாதந்தோறும் அவ்வேதாளத்தை நம் வீட்டு வாயிலில் இறக்கி வைத்தது. அவ்விதழ் இன்று வருவதில்லை. அதைப் பறித்துக்கொண்டு ஓடிய நம் தலைமுறைதான் இன்று பிள்ளைகளின் கையிலிருந்து பேய்க்கதையைப் பிடுங்குகிறது.

பெருங்கதையில் தேடி அலைபவன் ஆடவன், பெண் கவரப்படுகிறவள். புதிய நூல்களில் காண்பவளும் துணிபவளும் பெண். இந்த வேறுபாடு மேனாட்டிலிருந்து வந்தது என்று சொல்லலாமோ என எண்ணியபோது மணிமேகலை குறுக்கே நின்றது.

மணிமேகலையை நாம் அறநூலாக, பசிப்பிணி மருத்துவமாக, பௌத்த அளவை நூலாகப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். அவை யாவும் அதில் உண்டு. எனினும் முப்பது காதைகளுள் முற்பாதியில் நடப்பது யாது? சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் தொடர்கிறான். பூஞ்சோலையில், தன்னை இழித்துப் பேசியவன் பின்னேயே தன் நெஞ்சு போயிற்று என்று அவளே தோழியிடம் ஒப்புக்கொள்கிறாள். கடல்தெய்வம் உறங்குபவளை எடுத்து மணிபல்லவத் தீவில் வைக்கிறது. சென்ற பிறப்பில் அவன் இராகுலன், தான் அவன் மனைவி இலக்குமி என்று அறிகிறாள். வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் பெறுகிறாள். இத்தனையும் பெற்ற பின்பும் அவன் ஊரில்தான் இருக்கிறான்; அவளும் அங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அவனிடமிருந்து தப்ப அவள் கொண்ட உருவம் காயசண்டிகையினுடையது. காயசண்டிகை ஒரு விஞ்சை மகள். பொதியில் மலைப் பக்கத்தில் முனிவர் ஒருவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்து, பன்னிரண்டாண்டுத் தீராப் பசியாகிய யானைத்தீச் சாபம் பெற்றவள். அவள் கணவன் காஞ்சனன், சாபம் தீரும் நாளில் மனைவியைத் தேடிப் புகார் வருகிறான். தன் மனைவியின் உருவில் நிற்பவள் தன்னைத் திரும்பியும் பாராமல் இளவரசனோடு உரையாடுவதைக் காண்கிறான். உருவை உண்மை என்று நம்பிய அவன், இரவில் அவளைத் தேடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். காதலன் பிணத்தை நோக்கி மணிமேகலை நெருங்க, தூணிலுள்ள கந்திற்பாவை செல்லாதே என்று தடுக்கிறது. அவள் அழுகிறாள். துறவுக்கு உரியவள் அழுகிறாள் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. நாம்தான் பாடத்திட்டத்தில் மறைக்கிறோம்.

பீலிவளையின் கதையும் அந்நூலில் உள்ளதுதான். சோழமன்னன் கடற்கரைச் சோலையில் நாகநாட்டு அரசன் மகளைக் கண்டு ஒரு திங்கள் உடன் வாழ்கிறான். சொல்லாமல் அவள் மறைகிறாள். அவள் அனுப்பிய குழந்தை கப்பல் உடைந்து காணாமற்போகிறது. அதைத் தேடிக் கலங்கிய மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகார் கடலுள் மூழ்குகிறது. ஒரு நகரின் அழிவுக்குப் புலவர் தேர்ந்துகொண்ட காரணம் மானிடன் ஒருவன் நாகமகள்மேல் கொண்ட காதல்.

இவ்வூரில் மற்றொன்றும் காணலாம். அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் நாவல்கள் அடுக்கிய இடத்தைக் கேட்டால் 'காதம்பரி' என்று கை காட்டுவர். மராத்தியில் நாவலுக்கு அதுவே பெயர், கன்னடத்திலும் அதுவே. ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய வடமொழி உரைநடைக் காவியத்தின் தலைவி காதம்பரி, கந்தருவ இளவரசி. அவள் காதலித்த மானிட இளவரசன் இறந்தும், உடல் கெடாமல் கிடக்க, அவள் காத்திருக்கிறாள். ஆகவே புனேயில் எந்தச் சமூக நாவலை, எந்த அரசியல் நாவலை வாங்கினாலும் அது மானிடனைக் காதலித்த ஒரு கந்தருவப் பெண்ணின் பெயரைத் தாங்கியே நம் வீட்டுக்கு வருகிறது.

மூன்றாம் ஞாயிறு அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிடுங்கியது என் பிழை என்றும் சொன்னேன். முழுவதும் படித்தேன் என்றதை அவள் நம்பவில்லை. எட்வர்டு ஏன் வெயிலில் வெளியே வருவதில்லை என்று கேட்டுச் சோதித்த பிறகே நம்பினாள். காயசண்டிகை கதையை அன்று வாய்மொழியாகச் சொன்னேன். இடையிடையே மராத்தியில் தாயிடம் ஏதோ கேட்டுக்கொண்டாள். சாபம் தீர்ந்த பிறகு காயசண்டிகை எங்கே போனாள் என்றாள். தன் ஊருக்கு வான்வழியே பறந்தபோது விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை நிழலைப் பற்றி இழுத்து அவளை வயிற்றில் அடக்கிக்கொண்டாள் என்றேன்.

"அப்புறம்?"

அதற்குமேல் சாத்தனார் சொல்லவில்லை என்றேன். "காஞ்சனன் போய்த் தேடியிருக்க வேண்டாமா?" என்று சினந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். இப்போது ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்தபின் அரைமணி இருந்து, காஞ்சனன் வாளெறிந்த காதையை உரையோடு அடி அடியாகப் படிக்கிறோம். இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கின்றனர். ஒருத்தி பைக்குள் ட்வைலைட்டின் இரண்டாம் பாகம் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.