மைக் செட் வால்வும் கிட்டார் ஆம்ப்பும்

கிட்டார் வாசிக்கிறவங்ககிட்ட 'வால்வு ஆம்ப்'னு சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும். ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல்னு பேரை அடுக்குவாங்க. அது ஏதோ கலிஃபோர்னியா, லண்டன் சமாச்சாரம்னு நமக்கு ஒரு நினைப்பு. ஆனா அதே வால்வுதான் நம்ம ஊர் மைக் செட்டுலயும் இருந்தது. இன்னைக்கு அந்தக் கதை.

எங்க ஊர் சந்தவாசல். ஜவ்வாது மலை அடிவாரம், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவுல. பக்கத்துல படவேடு ரேணுகாம்பாள் கோயில். ஆடி மாசம் வந்தா இந்தப் பக்கம் முழுக்க குழாய் ஸ்பீக்கர் சத்தம்தான். இப்போ அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி இருக்கிறது டிரான்சிஸ்டர். முன்னாடி இருந்தது வால்வு.

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் எல்லாம் மைக் இல்லாத மேடையில பாடிப் பேர் வாங்கினவங்க. கடைசி வரிசைக்குக் கேட்கலைன்னா நாடகம் போச்சு. 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழலுக்குள்ள மூணாவதா ஒரு கம்பியை வச்சார். கிரிட்னு பேர். சூடான கம்பியிலிருந்து தகட்டுக்கு எலக்ட்ரான் ஓடுது. நடுவுல இருக்கிற கிரிட், வாய்க்கால் மடை மாதிரி. அதுக்குக் கொடுக்கிற சின்ன சிக்னல், பெரிய ஓட்டத்தை அடக்கும், திறக்கும். தொண்டைக்கு இருந்த எல்லை அங்கேதான் உடைஞ்சது.

டெல்லியில் அஹூஜா கம்பெனி 1940-ல் ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல மைக் செட்னாலே அஹூஜாதான்னு ஆகிப்போச்சு. பெங்களூரில் 1954-ல் தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வு தயாரிக்க ஆரம்பிச்சது. ஈசிசி 83, ஈஎல் 84 எல்லாம் அங்கே செஞ்சாங்க. லண்டன்ல பீட்டில்ஸ் வாசிச்ச வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்புல இருந்தது நாலு ஈஎல் 84. அதே நம்பர் வால்வு பெங்களூர்ல!

அப்போ ஏன் இங்கே ஒரு மார்ஷல் வரலை?

மார்ஷல் ஒண்ணும் பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல பிறக்கலை. ஜிம் மார்ஷல் லண்டன்ல டிரம் கடை வச்சிருந்தவர். 1962-ல் அவர் கடையில ரிப்பேர் பார்த்த கென் பிரானும் இன்னொரு இளைஞரும் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து, அங்கே கிடைச்ச பாகங்களை வச்சுக் கட்டினதுதான் முதல் மார்ஷல். அந்த மாதிரி ரிப்பேர் மேசை தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் இருந்தது. கை ஒண்ணுதான். காதுதான் வேற.

மைக் செட்காரருக்குப் பேச்சு தெளிவாக் கேட்கணும். 'கர்ர்'னு இரைஞ்சா வால்யூமைக் குறைப்பார். அளவுக்கு மேல முடுக்கினா ஒலி அலையோட தலை வெட்டுப்படும், அந்த இரைச்சல்தான் அது. கிட்டார்காரர் அதைக் கேட்டுட்டு வால்யூமை இன்னும் ஏத்தினார். வால்வு அந்தத் தலையைக் கொஞ்சம் வழவழப்பா வெட்டும். ஒருத்தருக்குப் பழுது, இன்னொருத்தருக்கு ராக் இசை.

நான் இப்போ வீட்டுல கட்டிட்டு இருக்கிறது ஒரு ஈசிசி 83, ஒரு ஈஎல் 84 வச்ச 5 வாட் ஆம்ப். வால்வு இன்னைக்கும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவுல செய்யறாங்க, வாங்கிடலாம். சிக்கல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு எதிர்பார்க்கிறது சுமார் 5000 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம். 5000-ஐ 8-ஆல் வகுத்தா 625, அதோட வர்க்கமூலம் 25. அதாவது இந்தப் பக்கம் 25 சுத்துக்கு அந்தப் பக்கம் 1 சுத்து. கணக்கு நெட்ல கிடைக்கும், சுத்துற கை கிடைக்காது.

கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுற ஒரு அண்ணன்கிட்ட போனேன். "எத்தனை சுத்து சொல்லு தம்பி, போட்டுடலாம்"னார். முதல்ல 2500, அப்புறம் 100. பழைய ரேடியோ ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருத்தர் ஒரு விஷயம் சேர்த்தார்: "ஒத்தை வால்வுன்னா இரும்புத் தகட்டுக்கு நடுவுல காகிதம் வைப்பா. இல்லைன்னா பாட்டு நசுங்கும்." ஒத்தை வால்வுல கரண்ட் ஒரே திசையில விடாம ஓடும். இடைவெளி இல்லைன்னா இரும்புல காந்தம் நிரம்பிடும், சிக்னலுக்கு இடம் இருக்காது. அந்தக் காகிதத்தைப் பத்தி நான் பார்த்த வரைபடத்துல ஒரு வார்த்தை இல்லை.

கட்ட நினைக்கிறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. அமெரிக்க வரைபடம் அவங்க ஊர் 110, 120 வோல்ட்டுக்குப் போட்டது. நம்ம 230-க்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர் தனியா வேணும். உள்ளே 300 வோல்ட் வரைக்கும் போகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல அது நிக்கும். ரெசிஸ்டர் வச்சு வடிச்சு, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுதான் கை வைக்கணும். தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம திறக்காதீங்க.

பழைய மைக் செட் ஆம்ப் எல்லாம் இன்னைக்குக் காயலான் கடைக்குச் செம்பு விலைக்குப் போகுது. அதுல சுத்தியிருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை இன்னும் சரி பண்ணலாம். அதைச் சுத்தத் தெரிஞ்சவங்களுக்கு வயசாகுது. உங்க தெருவுல அப்படி ஒருத்தர் இருந்தா, இந்த வாரமே போய் உக்காந்து கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.