இயந்திரம் இருக்கிறது என்பதற்காக மரத்தை வெட்டலாமா?

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவுக்கு அருகே சென்றுகொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்றின் மீது பெரிய மரமொன்று சரிந்து விழுந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். சில நாட்களில், இரத்மலானையில் உள்ள என் வீட்டுக்கு அயலவர் ஒருவர் வந்தார். "அண்ணை, உங்களிட்டைத்தானே மெஷின் இருக்கு. முனையில நிக்கிற பலாவை இந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டித் தாங்கோ" என்றார்.

மெஷின் என்று அவர் சொன்னது செயின்சோ எனப்படும் சங்கிலி வாளை. பழைய சங்கிலி வாள்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மரம் வெட்டுவது என் தொழில் அல்ல. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பலா ஒரு வளவுக்குள் நின்று ஒழுங்கைக்கு மேல் கிளை விரித்திருந்தது. அதன் கீழால்தான் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். நான் வெட்ட மறுத்தேன். மறுத்ததற்கான காரணங்களை அன்று வாசலில் நின்று முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

இருவர் சுமந்த வாள்

செயின்சோ வருவதற்கு முன்னர் பெரிய மரத்தை வீழ்த்தக் கோடாலியும், இருபுறமும் பிடியுள்ள நீண்ட வாளும்தான் இருந்தன. ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்க வேண்டும். பருத்த மரமென்றால் ஒரு நாள் முழுவதும் போகும்.

1926இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அந்திரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் இயங்கும் சங்கிலி வாளை உருவாக்கினார். அதன் எடை 64 கிலோ. 1929இல் அவர் செய்த பெற்றோல் வாள் 46 கிலோ. இரண்டையுமே இருவர் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். 1950இல் ஒருவரே கையாளக்கூடிய வாள் வந்தது. 1959இல் வந்த 'கொன்ட்ரா' என்ற வாள் 12 கிலோவாகக் குறைந்தது.

சங்கிலியின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் கொக்ஸ், அடிமரக் கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் சென்றன. அதே முறையில் சங்கிலிப் பற்களை வடிவமைத்தார். இன்றைய சங்கிலிகளும் அந்த வழியில் வந்தவைதான்.

முப்பது ஆண்டுகளில் இயந்திரத்தின் எடை நான்கில் ஒன்றாகிவிட்டது. ஒரு நாள் வேலை நிமிடக் கணக்கில் வந்தது. மரத்தைச் சுற்றி நடந்து பார்த்து யோசிக்கும் நேரமும் அதோடு சேர்ந்து குறைந்துபோனது.

கடற்காற்றில் ஒரு சேகரிப்பு

இரத்மலானையில் இருப்பவருக்குப் பழைய வாள் தேட வசதி அதிகம். பக்கத்திலேயே தளபாடங்களுக்குப் பெயர்போன மொரட்டுவை இருக்கிறது. அங்குள்ள மர ஆலைகளின் மூலைகளிலும், பழைய இரும்புக் கடைகளிலும் ஓய்வுபெற்ற வாள்கள் கிடக்கும். உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது.

ஆசியா எங்கும் அதிகம் புழங்கிய பழைய வாள்களில் ஒன்று ஸ்டில் 070. 106 கன சென்ரிமீற்றர் இயந்திரம். அலகு பூட்டாமலே பத்துக் கிலோவுக்கு மேல் வரும். இதற்குப் போலிகள் ஏராளம். நிறத்தையும் எழுத்தையும் நம்பி வாங்கக்கூடாது. வார்ப்பின் நேர்த்தி, திருகாணிகள், தொடரிலக்கம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வாங்கிய பின் இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, உள்ளே தேங்கிய பெற்றோல். அது காபரேற்றரில் பிசினாகி இறுகிவிடும். மற்றையது நம்முடைய கடற்காற்று. பல பழைய வாள்களின் உடல் மக்னீசியக் கலப்பு உலோகம். வர்ணம் உரிந்த இடத்தில் உப்புக்காற்றுப் பட்டால் வெள்ளைத் தூளாக அரித்துவிடும். தாங்கியைக் காலியாக்கி, எண்ணெய் துடைத்து, மூடி வைத்தால்தான் தப்பும்.

இவற்றை நான் சேர்க்கிறேனே தவிர வேலைக்கு எடுப்பதில்லை. முழு வேகத்தில் சங்கிலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும். அலகு நுனியின் மேற்பகுதி கிளையில் இடித்தால் வாள் வெட்டுபவரின் முகத்தை நோக்கி எழும்பும். கை அதை உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கணத்தில் சங்கிலியை நிறுத்தும் தடை 1970களில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்திய வாள்களில் அது இல்லை.

சிங்கராஜவில் நடந்தது

இயந்திரம் கையில் இருக்கிறது என்பதே வெட்டுவதற்குப் போதுமான காரணமாகிவிட்ட ஒரு காலத்தை இந்நாடு கண்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் அதே வனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

2019 தொடக்கத்தில் செயின்சோ வைத்திருப்போர் அதைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. காடழிப்பைத் தடுப்பதே நோக்கம். ஓடாத பழைய வாளாக இருந்தாலும் பதிவு விடயத்தைக் கேட்டுத் தெளிவுபடுத்திய பின்பே வாங்குங்கள் என்பதுதான் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி.

பலாவுக்கு ஒரு சட்டம்

முனையில் நின்றது பலா என்பதால் இன்னொரு விடயமும் இருந்தது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைப் பாதுகாக்கிறது. உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீதியோர மரம் என்றால் மாநகர சபை அல்லது வீதி அபிவிருத்தி அதிகார சபை. இரத்மலானையின் உள்வீதிகள் தெஹிவளை–கல்கிசை மாநகர சபைக்கு உரியவை.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பசியின் நினைவு இருக்கிறது. பலாவைச் சிங்கள மக்கள் 'சோற்று மரம்' என்பார்கள். இங்கிருந்து காலி வீதி வழியே போனால் வரும் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ், நாடெங்கும் பலா நடும் இயக்கம் நடத்தி 'கொஸ் மாமா' என்று பெயரெடுத்தவர். 'கொஸ்' என்றால் பலா.

எந்த மரம் ஆபத்தானது?

வயதான மரம் எல்லாம் ஆபத்தான மரம் அல்ல. உள்ளே கோறையான மரம்கூடச் சுற்றுச்சுவர் தடிப்பாக இருந்தால் நெடுங்காலம் நிற்கும். நல்ல மரத்தின் தடிப்பு ஆரையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று நிபுணர்கள் பார்ப்பது வழக்கம். நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

அடிமரத்தில் அல்லது வேரில் காளான் முளைத்திருத்தல். முன்பு இல்லாத சாய்வு. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ உயர்ந்தோ இருத்தல். இலையில்லாமல் காய்ந்த பெரிய கிளை. கவட்டில் நீளமான வெடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அண்மையில் வடிகாலுக்கோ குழாய்க்கோ கேபிளுக்கோ வேர் வெட்டப்பட்டிருத்தல்.

கொழும்பின் பழைய வீதிகளுக்கு நிழல் தரும் மாரா மரங்களுக்கு இந்தக் கடைசி விடயம் முக்கியமானது. அவற்றின் வேர்கள் அதிகம் ஆழமாகப் போவதில்லை, பரந்து ஓடும். அடிமரத்தைச் சுற்றிக் கொங்கிறீற் போட்டு, ஒருபக்க வேரை அறுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து மரத்தைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

வெட்டியே ஆக வேண்டுமென்றால்

சில மரங்களை வெட்டத்தான் வேண்டும். திறந்த வெளியில் அதற்கு முறை உண்டு. விழவேண்டிய பக்கத்தில், குறுக்களவில் ஐந்தில் அல்லது நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டை முதலில் எடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சற்று உயரத்தில் பின்வெட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு வெட்டாமல் விட வேண்டும். அதுதான் கதவுப் பிணைச்சல் போல மரத்தை வழிநடத்தி இறக்கும். அதை அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. பின்புறமாகச் சரிவான திசையில் தப்பியோடும் வழியை முதலிலேயே துப்புரவாக்கி வைக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறெவரும் நிற்கக்கூடாது.

நம் ஒழுங்கைகளில் அந்தத் தூரம் எங்கே இருக்கிறது? கம்பி, மதில், ஓடு, நிறுத்திய ஓட்டோ. இங்கே மரத்தை வீழ்த்துவதில்லை. மேலிருந்து கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். அது பழகியவர்களின் வேலை. கோறையான மரத்தில் பிணைச்சல் பிடிக்காது என்பதால் அவர்களுக்கே அது உயிராபத்தான வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அயலவர் செய்யும் உதவி அல்ல.

வளவுக்காரர் கிராம உத்தியோகத்தரிடம் பேசினார். மரமேறிப் பழகிய ஒருவர் வந்து அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். அடிமரம் திடமாக இருந்தது. ஒழுங்கைக்கு மேல் நீண்டிருந்த ஒரு கிளை மட்டும் பட்டுப்போயிருந்தது. கயிறு கட்டி, கைவாளால் அறுத்து இறக்கினார். அரை நாள் எடுத்தது.

முன்பு என் வீட்டுக்கு வந்த அயலவர்தான் அன்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். இப்போது காற்றடித்தால் அவரே போய் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். இந்த வருடம் காய்த்தபோது வளவுக்காரர் இரண்டு பிஞ்சு கொண்டுவந்து தந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.