உடைந்த எலும்பும் ஒரு அட்டைப்பெட்டியும்

1/ பட்டாசு விபத்துன்னா எல்லாருக்கும் தீக்காயம்தான் ஞாபகம் வரும். ஆனா வெடி ஆளையே தூக்கி எறியும், சுவர் சரிஞ்சு மேல விழும். கை, தொடை, இடுப்பு உடைஞ்சும் வருவாங்க. பதற்றத்துல நாலு பேர் கை காலைப் பிடிச்சுத் தூக்கி, லோடு ஆட்டோவில் மடக்கிப் போட்டுக் கொண்டு வர்றதுதான் வழக்கம். அந்தப் பயணமே உயிரை எடுக்கலாம். இதை உலகம் கத்துக்கிட்ட கதை இது.

2/ உடைந்த தொடை எலும்பின் முனை, அசைய அசைய சதையையும் ரத்தக்குழாயையும் கிழிக்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாமலே 1 லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே கசியலாம்.

3/ 1914, முதல் உலகப்போர். தொடையில் குண்டடிபட்ட வீரர்களுக்குத் துப்பாக்கியையே தப்பையா வச்சுக் கட்டி, குலுங்கும் வண்டியில் அனுப்பினாங்க. எலும்பு உடைந்தவர்களில் 80% வரை இறந்ததா அந்தக் காலக் குறிப்புகள் சொல்லுது.

4/ தீர்வு லிவர்பூலில் ஏற்கனவே இருந்தது. ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891). பரம்பரையா எலும்பு கட்டும் குடும்பம். அப்பாவுக்குப் பட்டம் கிடையாது. மகன் முறைப்படி மருத்துவம் படிச்சார். மூட்டுக் காசநோய்க்காக வளையமும் கம்பியும் சேர்த்து அவர் செஞ்சதுதான் 'தாமஸ் ஸ்ப்ளின்ட்'. வாழ்ந்தபோது பெரிய டாக்டர்கள் அதிகம் மதிக்கல.

5/ அவர் வீட்டில் தங்கிப் படிச்ச ராபர்ட் ஜோன்ஸ், அதைப் போர்க்களத்துக்குக் கொண்டு போனார். பூட்ஸ், பேன்ட் எதையும் கழட்டாம, விழுந்த இடத்துக்குப் பக்கத்துலயே கட்டணும். இருட்டிலும் கை தவறக்கூடாதுன்னு ஸ்ட்ரெச்சர் தூக்கறவங்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி.

6/ 1917 அராஸ் போர். தொடை உடைந்த 1,000 பேர் கணக்கில் இறப்பு சுமார் 16%. அறுவை சிகிச்சையும் முன்னேறியிருந்தது, உண்மை. ஆனா பெனிசிலின் அப்போ கண்டுபிடிக்கவே இல்லை. 'முதல்ல அசையாம கட்டு, அப்புறம் தூக்கு': இதுதான் பெரிய மாற்றம்.

7/ கட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு தசை செத்து, விரல்கள் நிரந்தரமா மடங்கிடும். ஜெர்மனியின் வோல்க்மன் 1881-லேயே எழுதிட்டார். நாட்டுக்கட்டோ மாவுக்கட்டோ, இறுக்கம் ஒண்ணுதான். கட்டின பிறகு விரல் வெளுத்தா, மரத்தா, வலி கூடிக்கிட்டே போனா உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

8/ இப்ப நம்ம ஊர். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்டோர் பலி; உதவிக்கு ஓடினவங்களும் அதுல உண்டு, அடுத்தடுத்து வெடிச்சதால. அதனால முதல் விதி: தீயணைப்புத் துறை சொல்லாம உள்ளே ஓடாதீங்க. வெளியே வந்தவங்களைக் காப்பாத்துங்க.

9/ தப்பைக்கு எங்கே போறது? சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்! மருந்து படாத காலிப் பெட்டியைக் கிழிச்சு, உள்ளே துணி வச்சு, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி துண்டால் கட்டுங்க. கால்னா நல்ல காலோடவே சேர்த்துக் கட்டலாம். வளையல், மோதிரத்தை வீங்கும் முன்னே கழட்டுங்க. விரல் நுனி வெளியே தெரியட்டும்.

10/ இழுத்து நேராக்காதீங்க. வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீங்க. சுத்தமான துணியால் மூடுங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், டீ, சோடா வேண்டாம். முதுகு, கழுத்துல அடின்னு சந்தேகம் இருந்தா உட்கார வைக்காதீங்க.

11/ 108 நம்ம மாநிலத்துல 2008-லிருந்து ஓடுது. விருதுநகரில் 2022-லிருந்து மருத்துவக் கல்லூரியும் இருக்கு. ஆனா ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த ஆள் உங்க கையில்தான். கம்பெனியில் முதலுதவிப் பெட்டி இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. கட்டத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்காங்களான்னும் கேளுங்க.