பழுவூர் விளக்கு

கல்கி 1950-ல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னைப் படித்த இரண்டு பேர் கூடினால் ஒரு வழக்குக் கிளம்பும். வந்தியத்தேவனும் பெரிய பழுவேட்டரையரும் வாளெடுத்து எதிர் நின்றால் வெல்பவர் யார்? இவனுக்கு இளமை; அவருக்கோ உடம்பில் 64 விழுப்புண்.

கல்வெட்டைச் சாட்சிக்கு அழைத்தால் இளைஞன் பாடு சங்கடந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் அவன் பெயர் வருவது குந்தவையாரின் கணவன் என்ற முறையில். வாள்வீச்சைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

பழுவூர்க் கட்சிக்குச் சாட்சி உண்டு. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சை செல்லும் சாலையில் இருக்கிறது கீழப்பழுவூர். முதற் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ஐ ஒட்டி, அங்கே பொறித்த கல்வெட்டு ஒரு செய்தி சொல்கிறது. பாண்டியனும் ஈழத்தரசனும் எதிர்த்த வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் வென்றார். நாவலின் கிழவர் இவர் அல்லர். அவருக்கும் முந்திய தலைமுறைக்காரர்.

ஆனால், அந்தக் கல் வெற்றி பாட எழுந்ததா? இல்லை. அந்த வெற்றிக்காகப் பரதூர் நக்கன் சாத்தன் ஆலந்துறை ஈசனுக்கு நந்தா விளக்கு வைத்தான். அதைக் குறிக்க எழுந்தது.

ஆகவே, கதையில் என் வாக்கு வந்தியத்தேவனுக்கே. ஆசிரியருக்கு வேண்டியவனை யார் வெல்ல முடியும்? கல்லிலோ பழுவூரார் முந்துகிறார். அவரையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது வாள் அன்று, ஒரு விளக்கு.