இன்சுலின் போட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பா? ஊசியை நிறுத்தும் முன் இதைப் படிங்க!

சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இன்சுலின் ஊசி போட்ட இடத்தில் அரிப்பு, சிவப்பு, தடிப்பு வரும். உடனே ‘இந்த ஊசி நமக்கு ஒத்துக்கல’னு முடிவு பண்ணி, அவங்களாகவே நிறுத்திடுறாங்க. போடிநாயக்கனூரில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களுக்கு இந்த முடிவு ரொம்பவே ஆபத்து. மேலே உடம்புக்கு முடியாமல் போனால், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கி வரவே நேரம் ஆகிவிடும். எது அலர்ஜி, எது அலர்ஜி இல்லை, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? பார்க்கலாம்.

இன்சுலினுக்கே அலர்ஜி வருமா?

வரும். ஆனால் இப்போது அரிது. இன்சுலின் மருந்தாகப் பயன்பட்ட முதல் நாளிலேயே இந்தச் சிக்கல் தொடங்கிவிட்டது. 1922 ஜனவரி 11-ல் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மாட்டுக் கணையத்தில் இருந்து எடுத்த அந்த மருந்து போதிய அளவு சுத்தமாக இல்லாததால், ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. ஜேம்ஸ் காலிப் அதை மேலும் சுத்தப்படுத்தித் தர, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, சிறுவன் தேறினான்.

பிறகு பல ஆண்டுகள் மாடு, பன்றி இன்சுலின்தான். அப்போது அலர்ஜி சகஜம். 1982-ல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு நிலைமை மாறியது. இன்று இன்சுலின் போடுகிற 100 பேரில் சுமார் 2 பேருக்கோ, அதற்கும் குறைவானவர்களுக்கோதான் அலர்ஜி வருகிறது.

எதனால் வருகிறது?

பல நேரங்களில் காரணம் இன்சுலினே இல்லை, அதோடு சேர்ந்திருக்கும் பொருள்கள்தான். நம்மூரில் பலர் போடும் 30/70 ஊசி பால் மாதிரி கலங்கலாக இருக்கும். மருந்து மெதுவாக வேலை செய்ய அதில் புரோட்டமைன் என்ற புரதம் சேர்த்திருப்பார்கள். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் கிரெசால், துத்தநாகம் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அலர்ஜி மாதிரி தெரியும், ஆனால் அலர்ஜி இல்லை

* ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, தோலின் மேலாகவே குத்துவது, ஸ்பிரிட் காயும் முன் போடுவது: எரிச்சல், தடிப்பு வரும்.
* ஒரே இடத்தில் தினமும் போடுவது: கொழுப்பு திரண்டு மெத்தென்ற கட்டி வரும். அரிக்காது. ஆனால் அங்கே போடும் மருந்து சரியாக உடம்பில் சேராது.
* வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி: இது ‘லோ சுகர்’ அறிகுறி. நினைவு தெளிவாக இருந்தால் உடனே சர்க்கரை, குளுக்கோஸ் அல்லது ஜூஸ் கொடுக்கணும்.
* அட்டைக்கடி, பூச்சிக்கடி, தோட்டத்தில் அடிக்கும் மருந்து தோலில் படுவது: இதனாலும் அரிப்பு வரும். ஊசி போட்ட இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறை போட்ட பிறகும் அரிக்கிறதா என்று கவனியுங்கள்.

உண்மையான அலர்ஜி எப்படி இருக்கும்?

சிலருக்குப் போட்ட சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த இடம் சிவந்து, வீங்கி, அரிக்கும். சிலருக்குப் பல மணி நேரம் கழித்தோ, மறுநாளோ கெட்டியான தடிப்பு வரும். இரண்டுமே பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். ஆனாலும் டாக்டரிடம் காட்டணும்.

இவை வந்தால் உடனே 108

உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு, நாக்கு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றி மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் 108 தான். நோயாளியை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்கார வையுங்கள். இதற்கு முதல் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பு அவசியம். இப்படி வந்தவர்கள் அடுத்த டோஸை ஆஸ்பத்திரியில், டாக்டர் சொன்ன பிறகுதான் போடணும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

டைப் 1 நோயாளிக்கு இன்சுலின்தான் உயிர். நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்று ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். டைப் 2 நோயாளிக்கும் சுகர் எகிறி, காலில் பட்ட சின்னக் காயம்கூட ஆறாமல் போகலாம்.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

இன்சுலின் பாட்டிலையோ பேனாவையோ கையோடு கொண்டு போங்கள். ஊசி போட்ட நேரம், அரிப்பு தொடங்கிய நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். தடிப்பை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி வருவதற்குள் அது மறைந்துவிடலாம். போடி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வேறு வகை இன்சுலினுக்கு மாற்றுவது, அலர்ஜி மாத்திரை தருவது, தோல் பரிசோதனை செய்து எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது என்று பல வழிகள் இருக்கின்றன. எதுவும் சரிவராதவர்களுக்கு, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் மட்டும் லேசான அரிப்பு என்றால், டாக்டரைப் பார்க்கும் வரை வழக்கமான டோஸை விடாமல், இடத்தை மாற்றிப் போடுங்கள்.