மேசைக்கணினி நிரல்களுக்கான கருவித்தொகுப்புகள்

சாளரம், பட்டி, பொத்தான், எழுத்துப்பெட்டி முதலியவற்றை நிரலர் ஒவ்வொருவரும் புதிதாக எழுதாமல் எடுத்தாள உதவும் நிரலகங்கள். இவற்றுள் க்யூட், ஜி.டி.கே. இரண்டும் தமிழ்க் கணிமையில் பெரும்பங்கு வகித்தவை.

1980களின் இறுதியில் யூனிக்ஸ் கணினிகளில் கட்டண உரிமம் கொண்ட மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்பு நிலவியது.

நார்வேயின் ஹாவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் இருவரும் 1991இல் தொடங்கிய க்யூட், 1995 மே மாதம் வெளியாயிற்று. அதன்மேல் மத்தியாஸ் எட்ரிச் 1996இல் கே.டி.ஈ. என்ற மேசைச்சூழல் திட்டத்தை அறிவித்தார். பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் தம் ஜிம்ப் ஓவிய நிரலுக்காக, மோட்டிஃபுக்கு மாற்றாக எழுதியதே ஜி.டி.கே. அன்றைய க்யூட் உரிமமும் கே.டி.ஈ.யின் உரிமமும் ஒத்துப்போகுமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 1997இல் ஜி.டி.கே.யை அடித்தளமாகக் கொண்டு நோம் என்ற மேசைச்சூழல் திட்டம் பிறக்க அதுவும் ஒரு காரணம். 2000 செப்டம்பரில் க்யூட் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தையும் ஏற்றபின் பூசல் பெரிதும் தணிந்தது.

தமிழ்க் குறியீடான திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தது: 'கொ' என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. இவ்விரண்டுக்கும் இடையே மாற்றித்தரும் பகுதியை ஹான்ஸ் பெட்டர் பீக்கர் 2000இல் எழுத, அது க்யூட்டுக்குள்ளேயே இடம்பெற்றது. ஒரு பன்னாட்டு நிரலகத்தின் மையத்தில் தமிழுக்கென்றே ஒரு கோப்பு இருந்தது என்பது குறித்துவைக்கத் தக்கது. 2020இல் வந்த க்யூட் 6ஆம் பதிப்பில் இத்தகைய மாற்றிகள் மையத்திலிருந்து விலக்கப்பட்டன.

ஜி.டி.கே. தரப்பில், 2002இல் வந்த 2ஆம் பதிப்பு எழுத்துகளைக் கோக்கும் பணியைப் பாங்கோ நிரலகத்திடம் ஒப்படைத்தது. எழுத்துரு நிரலகமான ஃப்ரீடைப்பிலிருந்து பாங்கோவும் க்யூட்டும் தனித்தனியே எடுத்து வளர்த்த நிரல்வரிகள் பின்னர் ஹார்ஃப்பஸ் என்ற பெயரில் ஒன்றாயின. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதைப் புதிதாக எழுதினார். போட்டியாளர் இருவரும் இன்று தமிழை வரைவது இதைக் கொண்டுதான்.

இவ்விரு தொகுப்புகளும் அருகருகே பயன்படுவதற்குக் கேரளப் பள்ளிகள் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 2001இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் பின்னர் குனு/லினக்ஸுக்கு மாறி, 2017இல் கைட் நிறுவனமாயிற்று. 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்திலேயே நின்ற பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் அரசுப் பள்ளிகளும் இதில் அடங்கும். இங்கு ஜி.டி.கே.யால் ஆன ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றையும் க்யூட்டால் ஆன நிலப்பட நிரல் கியூஜிஸையும் மாணவர் ஒரே கணினியில் பயில்கின்றனர். இரு மொழியும் புழங்கும் இவ்வட்டாரத்தில் மலையாள எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே சாளரத்தில் பிழையின்றி வருவது அன்றாடத் தேவை.

ஜி.டி.கே. 4ஆம் பதிப்பு 2020 டிசம்பரில் வெளியாயிற்று. வலைநுட்பத்தைக் கொண்டே மேசைக்கணினி நிரல் எழுதும் எலெக்ட்ரான் முறையும் பரவிவருகிறது.